அவசரத்தில் கொடுத்த வேட்டி

வெண்ணந்தூருக்குப் பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாளிடம் பேசி ஜெயித்தவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. அவளைக் கண்டால் சந்தையில் மாட்டுத் தரகனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவிவிடுவான். அப்பேர்ப்பட்டவளைச் சரவணமுத்து மேஸ்திரி ஒரே ஒரு வேட்டியில் மடக்கிவிட்டான், பாவி.

ஊருக்குக் கரண்டு வந்த அறுபத்திரண்டாம் வருஷம் அது. மகள் சௌந்திரத்துக்குத் தலைப்பிரசவம், ஐப்பசியில் நாள். தாய்வீட்டுக்கு வருகிறவள் பிள்ளையோடு படுக்கட்டும் என்று தெற்கு அறையின் பழைய மேல்தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதுசாகப் போட மேஸ்திரியிடம் வேலையை விட்டாள் காளியாத்தாள். உத்தரத்தில் தூளி கட்ட ஒரு வளையமும் மாட்டச் சொன்னாள்.

ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தளம் கல்லாக இறுகும்வரை அடிக்க வேண்டும். அதுதானே வேலையே! மேஸ்திரியோ பாதியில் அந்தப் பெண்களை ராசிபுரத்தில் ஒரு லாரிக்காரர் கட்டும் பங்களாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். "தளம் இறுகிப் போச்சுங்கம்மா. இன்னிக்கு நாளும் நல்லா இருக்குதுங்க" என்று தலையைச் சொறிந்தான். வேலை முடிந்ததும் மேஸ்திரிக்கு வெற்றிலைத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். மகள் வரப்போகும் சந்தோஷத்தில், மேலே ஏறிக்கூடப் பார்க்காமல் தட்டை நீட்டிவிட்டாள்.

ஆடி கழிந்து முதல் மழை பெய்தது. சம்பந்தி சென்னியம்மாள் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து கட்டுச்சோற்றுக்கு நாள் பேச வந்திருந்தாள். கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து போட்டால்தான் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர முடியும். "இந்த அறைதானுங்க" என்று காளியாத்தாள் பெருமையாகக் கதவைத் திறந்த நேரம், சென்னியம்மாளின் நடு உச்சியில் சொட்டென்று விழுந்தது.

"ஏனுங்க சம்பந்தி, இந்த ஓதத்துலீங்களா பச்சப்புள்ளையப் போடறது? ஒழுகறத நிறுத்துங்க, அனுப்பறனுங்க. இல்லீனா எங்க ஊட்டுலயே ஆகட்டும்."

காளியாத்தாளுக்கு மானமே போயிற்று. முதலில் கணவர் செங்கோட்டையனை மேஸ்திரியிடம் விரட்டினாள். அந்த மனுஷன் அவன் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "மழ ரொம்பப் பலம்ங்கறான்" என்று வந்து நின்றார். "காப்பிக்குச் சக்கரை பத்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு இவளே கிளம்பினாள்.

மேஸ்திரி அசரவில்லை. "வேல சரியில்லீனா நீங்க வேட்டி குடுத்திருப்பீங்களாம்மா? வாங்கிக் கட்டியாச்சுங்க. அதுக்கப்பறம் திருப்பித் தொட்டா எங்க தொழிலுக்கு ஆகாதுங்க."

ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். "குடுத்தது நீதானே அம்மிணி" என்று அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த மழைக்கு அண்டா குண்டானையெல்லாம் அறையில் பரப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரைத் திட்டுவது? கொடுத்த கையைத்தான் திட்ட வேண்டும்.

புரட்டாசியில், லாரிக்காரர் பங்களாவில் மேஸ்திரிக்குத் தட்டு வைக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததோ இல்லையோ, பஸ் ஏறிவிட்டாள். நேராக உள்ளே போனாள். லாரிக்காரர் தட்டைக் கையில் எடுத்திருந்தார்.

"நில்லுங்க சாமி. வேட்டியக் குடுக்கறதுக்கு முன்னால மேல நாலு கொடம் தண்ணிய ஊத்திப் பாருங்க. நான் பாக்காம குடுத்துப்போட்டுச் சீரழியறனுங்க."

மேஸ்திரியின் முகம் செத்துப்போயிற்று. "அதெல்லாம் எதுக்குங்கம்மா, நாளைக்கே உங்கூட்டுக்கு ஆளோட வாரனுங்க" என்று வாய் குழறினான். அந்தக் குழறல் போதாதா? தண்ணீரை ஊற்றச் சொன்னார் லாரிக்காரர். புது வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கியது. காளியாத்தாளுக்கு வயிறு குளிர்ந்தது. தட்டு மேசைக்குத் திரும்பிப் போயிற்று.

அங்கேதான் வந்தது வினை. "இந்தத் தளத்த முழுசா அடிச்சு முடிக்காம ஒருத்தரும் வாசல் தாண்டக் கூடாது" என்று மேஸ்திரியையும் கட்டையடிக்கும் பெண்களையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார் லாரிக்காரர். "மொதல்ல என்ற ஊடுங்க! எம்புள்ளைக்கு நாள் நெருங்குதுங்க!" என்று காளியாத்தாள் கத்தினாள். "அவன மாட்டி விட்டதே நீங்கதானுங்களே" என்று சிரித்தார் அவர். அவ்வளவு பெரிய மாடி எப்போது அடித்து, எப்போது முடிய? நாலு தடவை பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டும் ஒரு கட்டைகூட வெண்ணந்தூர்ப் பக்கம் நகரவில்லை. ஐப்பசியில் சௌந்திரம் மாமியார் வீட்டிலேயே ஆண்பிள்ளை பெற்றாள். தூளியும் அங்கேயே கட்டியாயிற்று.

அதன் பிறகுதான் மேஸ்திரி வந்தான். குறை சொல்ல முடியாத வேலை. கட்டை எகிறுகிற அளவுக்கு அடித்து முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு வாங்குனியே, அதையே தொவச்சுக் கட்டிக்க" என்றாள் காளியாத்தாள்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. செங்கோட்டையன் தெற்கு அறையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "வந்து பாரு புள்ள, ஒரு சொட்டு எறங்குல!" என்று கூப்பிட்டார்.

காளியாத்தாள் உள்ளே வந்தாள். தூளி வளையம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க, எறங்குல" என்றாள். "இனி ஆருக்குங்க?"