முறை சொல்லிக் கேட்டால்

அன்று காலையிலிருந்து சிதான் கோனே ஒரே ஒரு மனிதனின் கண்ணில் படாமல் ஓடி ஒளிந்துகொண்டிருந்தாள். எங்கள் கோலோடுகு காவல் நிலையத்து அதிகாரி சுமானா தெம்பெலேதான் அந்த மனிதன். வடக்கிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று ஊரே நடுங்கிக் கிடந்தது. அவளோ அவர்களைக்கூட மறந்துவிட்டுச் சுமானாவின் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாள். அவன் நேரே வந்து நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அவள் இந்த ஊரை விட்டுப் போயாக வேண்டும்.

சிதான் பிறந்தது போலந்தில். பெற்றவர்கள் வைத்த பெயர் ஹலினா. ஜோலிபா ஆற்றங்கரை வெங்காயத் தோட்டங்களுக்குப் பம்புசெட்டு போடுகிற திட்டம் ஒன்றோடு இளவயதில் வந்தவள். திட்டம் முடிந்து மற்றவர்கள் மூட்டை கட்டிய அன்று, ஒரு டீசல் இன்ஜினை இவள் அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தாள். "இதைப் பூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். அதைப் பூட்டுவதற்குள் இன்னொன்று வந்தது. அவளுடைய தலைமுடி முழுக்க நரைத்த பிறகும் ஏதாவது ஒரு இன்ஜின் பிரித்தே கிடந்தது, என்ன செய்ய!

அவளைத் தங்கவைத்த கோனே வீட்டுப் பெரியவர் பெயரும் கொடுத்தார், குலமும் கொடுத்தார். முதல் ஒரு வருஷம் யார் வணக்கம் சொன்னாலும் "ன்பா" என்று பதில் சொல்லித் திரிந்தாள். அது ஆம்பளைகள் சொல்கிற பதில். பெண்கள் "ன்சே" என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கையும் ஸ்பேனருமாக நின்று அவள் "ன்பா" என்றதில் ஊருக்கு அப்படி ஒரு சந்தோஷம், யாரும் திருத்தவே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுத் தெனேதான் மனசு கேட்காமல் சொல்லிக்கொடுத்தாள். அதிலிருந்து இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. இப்போது சிதான் தூக்கத்தில் திட்டுவதும் எங்கள் பேச்சில்தான் என்று தெனே சத்தியம் செய்வாள்.

கோனே என்று ஆனபிறகு அதற்குரிய முறைகளும் வந்து சேர்ந்தன. கோனேக்களுக்கும் தெம்பெலேக்களுக்கும் கேலிமுறை. எத்தனை தலைமுறையாக என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. கோனேயைக் கண்டால் தெம்பெலே "என் வீட்டு அடிமையே" என்பான். தெம்பெலேயைக் கண்டால் கோனே "பயறு தின்னி" என்பான். கோபப்படக் கூடாது. ஒருத்தன் செத்தால் மற்றவன் போய்ப் பிணத்தையே திட்ட வேண்டும், அப்போதுதான் அந்த வீட்டுக்கு மூச்சு வரும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று உண்டு: முகத்துக்கு நேரே நின்று, காதில் விழும்படி, முறை சொல்லி ஒன்றைக் கேட்டால் மறுக்கவே கூடாது. மறுக்கிறவன் முறைக்காரன் இல்லை, அந்நியன்.

வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் மத்தியானத்துக்குள் ராணுவ வண்டியில் ஏற்றித் தலைநகரம் பமாகோவுக்கு அனுப்பச் சொல்லி சுமானாவுக்கு உத்தரவு வந்திருந்தது. ஸ்பெயின் தேசத்துத் தம்பதி ஒன்று விடியும்போதே பெட்டியோடு நிலையத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. பாதிரியாரும் வந்துவிட்டார். மிச்சம் ஒருத்திதான். உத்தரவு என்று வந்திருந்தால் சிதான் பல்லைக் காட்டிச் சிரித்திருப்பாள். ஆனால் சுமானா உத்தரவோடு வரமாட்டான், முறையோடுதான் வருவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஓட்டம்.

அவன் முதலில் தெனே வீட்டு முற்றத்துக்கு வந்தான். சிதான் தானியக் குதிருக்குப் பின்னால் குந்தியிருந்தாள்.

"எங்க அந்தக் கோனே கிழவி?"

"ஆத்துக்குக் குளிக்கப் போனாளே," என்றாள் தெனே, உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டே.

"காலங்காத்தாலயா? அவளா குளிக்கிறா? அப்ப உலகம் அழியறது நிச்சயம்தான்." குதிரின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "ஏ கிழவி, உன் பெரிய பாதம் ரெண்டும் வெளிய தெரியுது. வா இப்படி. நான் உன்ன முறை சொல்லி..."

தெனே ஓங்கி உரலில் போட்டாள் ஒரு போடு. பிறகு இன்னொன்று. கம்பு எதுவும் உரலில் இல்லை, வெறும் உரல். கட்டை அதிர அதிர இடித்தாள். சுமானாவின் வாய் அசைந்தது, சத்தம் மட்டும் யாருக்கும் எட்டவில்லை.

"தெனே, நிறுத்துடி!"

"புருஷனுக்குச் சோறு ஆக்க வேணாமா?"

"உம் புருஷன் செத்து எத்தன வருஷமாச்சு!"

"வந்தா பசிக்குமில்ல!"

அந்த இடைவெளியில் சிதான் கொல்லைப்பக்கத்து மண்சுவரில் ஏறிக் குதித்துவிட்டாள். அறுபதைத் தாண்டிய முட்டி இரண்டும் சாபம் விட்டன. நேரே ஆற்றங்கரைக்கு ஓடி, யாருடையதோ ஒரு ஓடத்தை அவிழ்த்துக்கொண்டு அக்கரைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே வெங்காயப் பாத்திகளில் இரண்டு மூன்று பெண்கள்தான் இருந்தார்கள். மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டிருந்தார்கள். வடக்கு வானத்தில் புகை தெரிந்தது. எரிகிறது எந்த ஊர் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிதான் பம்புசெட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பினாள். தடதடவென்று அது பிடித்துக்கொண்டதும் அவள் மனசும் கொஞ்சம் அடங்கியது. போனால் திரும்ப விடமாட்டார்கள் என்பது அவளுக்கு நிச்சயம். போலந்தில் அவளுக்கு ஒரு தம்பி மகன் இருந்தான், அவன் முகம்கூட மறந்துவிட்டது. இந்த ஊரில் யார் வீட்டு இன்ஜின் எப்படி இருமும் என்பதுவரை தெரியும். இதை விட்டால் அவளுக்கு வேறு ஊர் இல்லை.

சுமானா வந்துவிட்டான். ஓடத்திலிருந்து இறங்கி, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தான். கொட்டகை வாசலில் நின்று வாயைத் திறந்தான். சிதான் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டாள். கூரைத் தகரம் கிடுகிடுத்தது. அவன் கத்தினான். அவள் காதைத் தொட்டுக்காட்டிக் கையை விரித்தாள்.

அவன் சிரித்துவிட்டான். ஆனால் போகவில்லை. எதிரே வரப்பில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துக்கொண்டு, டீசல் டேங்கைக் கண்ணால் காட்டினான்.

சிதானுக்கு அது முன்னமே தெரியும். சாலை மூடி வாரக்கணக்கில் டீசல் வரவில்லை. டேங்கில் இருந்தது அடி மண்டிதான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அவள் அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். பாத்தியில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். தூரத்தில் ஏதோ வெடித்தது. இன்ஜின் சத்தத்தையும் மீறி அது மண்ணுக்குள் அதிர்ந்தது. சுமானா திரும்பிப் பார்க்கவில்லை, அவன் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

இன்ஜின் ஒருமுறை விக்கியது. சாகப்போகிற இன்ஜினின் விக்கல் அவளுக்குத் தெரியாதா? நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டாள். இரண்டாவது விக்கல். மூன்றாவதில் சத்தம் அறுந்ததும் அவள் முந்திக்கொண்டாள்.

"டேய் பயறு தின்னி! கோனே நான், தெம்பெலே உன்ன முறை சொல்லிக் கேக்குறேன். என்ன அனுப்பாத!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

சுமானா மெதுவாக எழுந்தான். "சரி. கேட்டுட்ட. மறுக்க முடியுமா? நான் உன்ன அனுப்பல. என் ஆளுங்க உன் மேல கை வைக்க மாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா. இப்ப என் முறை." வரப்பிலிருந்து இறங்கி அவளுக்கு நேரே வந்து நின்றான். "தெம்பெலே நான், கோனே உன்ன முறை சொல்லிக் கேக்குறேன். நான் அனுப்பல. நீயா போ."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே எறிந்தாள்.

"பாவி! படுபாவி! இதுக்குத்தான் இவ்வளவு நேரம் குந்தியிருந்தியா?"

"திட்டு. நல்லாத் திட்டு."

"நான் ஏன்டா போகணும்? நான் சிதான் கோனே. நான் வெள்ளைக்காரியா?"

"எனக்குத் தெரியும், நீ யாருன்னு. வர்றவனுக்குத் தெரியுமா? அவன் மொதல்ல உன் தோலத்தான் பாப்பான். உன்னத் தேடி வீடு வீடா நுழைவான். உனக்குத் தண்ணி குடுத்த வீடு எதுன்னு கேப்பான். தெனே பொய் சொல்லத் தெரியாதவ, இன்னிக்கு நானே பாத்தேன்."

அவள் குனிந்து எறிந்த ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.

"இல்ல, முடியாதுன்னு சொல்லு," என்றான் அவன். "சொல்லிப் பாரு. அப்ப நீ முறைக்காரி இல்ல, வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரிய வண்டியில தூக்கிப் போட எனக்கு உத்தரவு இருக்கு."

எப்படி மடக்கிவிட்டான் பாருங்கள்! இந்த ஊர்க்காரியாக இருந்தால் போக வேண்டும், இருக்க அடம்பிடித்தால் இந்த ஊர்க்காரி இல்லை. சிதான் இன்ஜின் மேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது. கையை எடுக்காமலே கேட்டாள்.

"நீ?"

"எனக்கு வேலை இருக்கு."

"உங்கூட எத்தன பேரு? ஆறா? ஏழா? அவங்க வண்டி வண்டியா வர்றாங்க. டேய், இப்ப நானும் உன்ன முறை சொல்லி..."

"அதக் கேக்காத சிதான்."

இத்தனை வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிழவி என்பான், அடிமை என்பான், எண்ணெய்ச் சட்டி என்பான். இப்போது அவன் கண் கெஞ்சியது.

"கேட்டா நான் மாட்டேன்னு சொல்லணும். சொன்னா நமக்குள்ள முறை போயிடும். அதையாவது விட்டு வையி."

வாய்வரை வந்த சொல்லை அவள் விழுங்கினாள். அது எவ்வளவு கஷ்டமாக இறங்கியது என்று அவளுக்குத்தான் தெரியும். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், முகமெல்லாம் கரி ஆயிற்று.

"அப்ப வேற கேக்குறேன். நான் திரும்பி வர்ற அன்னிக்கு நீ உங்கையால தட்டப்பயறு ஆக்கி எனக்குப் போடணும்."

"நீ பயறு திம்பியா? கோனேயா?"

"திம்பேன்டா. ஊரே பாக்க."

"ஊரே பாக்க?"

"சொன்னேன்ல."

சுமானா வாய்விட்டுச் சிரித்தான். "கிழவி, இதுக்காகவே நான் உசுரோட இருப்பேன்," என்றான்.

வண்டியில் ஸ்பெயின்காரப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பித்தோம் தப்பித்தோம் என்று அழுதாள். சிதான் பின்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சந்தை முனையில் தெனே முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பமாகோவில் தூதரகத்து ஆள் விமானச் சீட்டைத் தயாராக வைத்திருந்தார். இவள் தலையை ஆட்டினாள்.

"முறைக்காரன் ஊர விட்டுப் போன்னுதான் கேட்டான். நாட்ட விட்டுப் போன்னு கேக்கல."

அந்த நல்ல மனிதர் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். இவள் போய்ப் பமாகோவிலேயே ஆற்றங்கரைத் தோட்டக்காரர்களோடு தங்கி, அவர்களுடைய பம்புகளைப் பிரித்துப்போட்டாள்.

அந்த வாரமே துப்பாக்கிக்காரர்கள் கோலோடுகு காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடந்து தப்பும்வரை சுமானாவும் அவன் ஆட்களும் ஓடத்துறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெனே தப்பினாள். சுமானா தப்பவில்லை. போன் கோபுரம் மறுபடி வேலை செய்த அன்று தெனே கூப்பிட்டுச் சொன்னாள். அன்று நீயும் கூட வா என்று அவனைக் கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே என்று அதற்கப்புறம் இருமல் மாதிரி அது சிதானை விடவில்லை.

ராணுவம் வந்து சாலை திறந்தது. நாற்பதாம் நாள் ஓதலுக்கு அவள் ஊர் வந்து சேர்ந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சுமானா வீட்டு வாசலுக்கு வந்தாள்.

முற்றம் நிறையக் கூட்டம். இமாம் ஓதி முடித்திருந்தார். ஊர்க்காரர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். கேலிமுறைக்காரி வந்திருக்கிறாள், திட்ட வேண்டும். அவளோ வாசலைத் தாண்ட முடியாமல் நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அழுகைதான் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றிருந்தால் துக்கம் விசாரிக்க வந்த ஏதோ ஒரு வெளியூர் அம்மாளாகத்தான் திரும்பியிருப்பாள்.

வெகுதூரத்திலிருந்து வந்திருந்த சுமானாவின் சித்தப்பா மகனுக்கு இவளைத் தெரியாது. மரியாதைக்காரன். எழுந்து, "யாரு இந்த வெள்ளைக்காரம்மா? பாவம், நிக்கிறாங்களே. ஒரு நாற்காலி போடுங்கப்பா," என்றான்.

அவ்வளவுதான்.

"நாற்காலியா?" என்றாள் சிதான். குரல் கீறிக்கொண்டு வந்தது. "யாருக்குடா நாற்காலி போடுற? தெம்பெலே வீட்டு அடிமைப் பயல்களா, உங்க எஜமானிய அடையாளம் தெரியல? எங்க அந்தப் பயறு தின்னி? சமைக்கச் சொன்னேன்னு செத்துட்டானா? ஒரு குண்டான் பயறுக்குப் பயந்து மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டானா, சோம்பேறி? எழுந்து வரச் சொல்லுங்க அவன!"

முற்றம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர். உள்ளேயிருந்து சுமானாவின் மனைவி வாசா வெள்ளைத் துணியோடு வெளியே வந்தாள். நாற்பது நாளாக அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வந்துட்டாளா எங்க அடிமை!" என்று கத்தினாள். "தரையில உக்காருடி. நாற்காலி கேக்குதா உனக்கு?"

சிதான் தரையில் உட்கார்ந்தாள். வாசா அடுப்படிக்குப் போய் ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். தட்டப்பயறு. ஆவி பறந்தது.

"நீ வருவன்னு தெனே சொன்னா. அவரு ஆக்கிப் போட வேண்டியது. நான் ஆக்கினேன்." வாசா அவள் பக்கத்திலேயே குந்தினாள். குரல் தாழ்ந்தது. "நீ வண்டி ஏறிப் போன அன்னிக்கே அடுப்படிக்குள்ள வந்துட்டாரு. பழகிக்கணும், கிழவி ஊர் முன்னால மானத்த வாங்கிடுவான்னு. ஒரு படி பயற அடுப்புல போட்டு..."

"போட்டு?"

"கரிச்சிட்டாரு. குண்டானோட."

"அதானே," என்றாள் சிதான். "ஜென்மம் பூரா தின்னவனுக்கு ஒரு நாள் ஆக்கத் தெரியல."

அவள் கையைக் கழுவிக்கொண்டு குண்டானைப் பக்கத்தில் இழுத்தாள். இத்தனை வருஷமும் ஒரு பயறுகூட வாயில் போடாத கோனே, ஊரே பார்க்க, அடி தெரியும்வரை தின்றாள்.