கோழி இறகும் கொஞ்சம் கண்மையும்

ஆராய்ச்சி என்பது வெறுந்தட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற தொழில். கிருமி வளர்க்கிற தட்டு ஒன்றை, அதில் எதையும் விதைக்காமல் வைக்க வேண்டும். மறுநாள் அதில் எதுவும் முளைத்திருக்கக் கூடாது. அப்போதுதான் பக்கத்துத் தட்டில் முளைத்ததை நாலு பேர் நம்புவார்கள். 'பிளாங்க்' என்று பெயர். "இத்தனை வருசமா என்னதாம்மா படிக்கிறே?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

கண்மை இட்டுக்கொண்டு, பையில் ஒரு பக்கம் லிப்ஸ்டிக்கும் இன்னொரு பக்கம் கையுறையுமாகப் பஸ் ஏறும் சக துன்பசாலிகளுக்கு இது புரியும். என் பெயர் ஸ்டெல்லா. அம்மா சேலத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். நான் நாமக்கல் ரோட்டில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் பிஎச்.டி. செய்கிறேன். முட்டைக்குப் பேர்போன ஊர்ப்பக்கம், ஆகவே கோழி இறகுக்குப் பஞ்சமில்லை. மண்ணில் போட்டால் லேசில் மக்காத அந்த இறகைக் கரைக்கும் பாக்டீரியாவைத் தேடுவது என் வேலை. முகூர்த்த நாட்களில் அம்மாவோடு போய் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுவதும் என் வேலைதான். எது மெயின், எது சைடு என்று கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது.

மஞ்சள் சுடிதார்

மண் மாதிரி எடுக்க மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு முதல்முதலாகப் போனபோது, எலுமிச்சை மஞ்சளில் கண்ணாடி வேலை செய்த சுடிதார் போட்டிருந்தேன். முதல் முறை போகிற இடம், பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? வாசலில் ஊதா நிறத் தண்ணீர்த் தொட்டி. கிருமி உள்ளே போகாமலிருக்க எல்லோரும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். புதுச் செருப்பு அங்கேயே பழுப்பாகிப் போனது. மனதைத் தேற்றிக்கொண்டு ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்தேன்.

வெயில் என் துப்பட்டாவின் கண்ணாடிச் சில்லுகளில் பட்டுக் கூரையெல்லாம் புள்ளி புள்ளியாக ஓடியது. ஓரத்துக் கூண்டில் ஆரம்பித்த படபடப்பு கடைசிக் கூண்டு வரை போயிற்று. அத்தனை கோழியும் ஒரே குரலில் கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பண்ணைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டிவந்தார். "ஏனுங் அம்மிணி, கல்யாணத்துக்குப் போற வழியில எறங்கிட்டீங்களா? கோழி மெரண்டா நாளைக்கு முட்டை கொறஞ்சிருமுங்க" என்றார். எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

அவர் மனைவி சரசக்காதான் ஊட்டுக்குள் போய், வெளுத்துப்போன காப்பி நிற நைட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் சுடிதாருக்கு மேலேயே மாட்டிவிட்டார். தினமும் தீவனம் வைக்கப் போகும்போது அவர் போடுவது அது. மறுபடி உள்ளே போனேன். ஒரு கோழிகூடத் தலையைத் திருப்பவில்லை. நான் குனிந்து மண்ணை அள்ள, சரசக்கா என்னை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார்: "இப்பத்தானுங்க சாமி கோழிக்கு உங்கள அடையாளந் தெரியுது."

கல்யாணப் பெண்ணின் விரல்கள்

சேலத்தில் ஒரு வரவேற்பு. பெண்ணுக்கு நான் நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன், அம்மா கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் பெண் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டாள். கேட்டவுடன் சொல்லிவிடுகிற வியாதி எனக்கு. கோழி இறகு, நம் தலைமுடி, நகம் எல்லாமே ஒரே வகைப் புரதம், அதைத் தின்று கரைக்கிற பாக்டீரியாவை நான் வளர்க்கிறேன், ஒரு முழு இறகைச் சில நாளில் தண்ணீராக்கிவிடும் என்று உற்சாகமாக விளக்கினேன்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை என் கையிலிருந்து மெல்ல நழுவி மடிக்குப் போய்விட்டது. அம்மா கண்ணாடி வழியாக என்னை முறைத்தார். நகப்பூச்சு பாதி விரலில்தான் ஏறியிருந்தது. பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "அக்கா, கைய நல்லாக் கழுவிட்டுத்தானுங்க வந்தீங்க?"

வெறுந்தட்டில் முளைத்தது

அந்தப் பெண்ணின் சந்தேகம் கொஞ்ச நாளில் எங்கள் ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. என் பிளாங்க் தட்டுகளில் ஏதோ முளைக்க ஆரம்பித்தது. வெள்ளையாக, ஓரம் சுருங்கி, அப்பளம் பொரிந்த மாதிரி. ஒரு முறை என்றால் தற்செயல். ஒவ்வொரு முறையும் முளைத்தது. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு உறுப்பினர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த கூட்டத்தில் சுத்தமான பிளாங்க் காட்ட வேண்டும், இல்லையென்றால் மண் எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். செய்த வேலை அத்தனையும் குப்பைக்குப் போய்விடும் என்பதுதான் அதன் அர்த்தம். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். கண்மை கன்னம் வரை வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் கிருமி படாமல் வேலை செய்வதற்கென்று கண்ணாடி மறைப்பு வைத்த மேஜை ஒன்றுதான் உண்டு. காலையில் ராசிபுரத்துக் கார்த்தி அண்ணன், மதியம் நான். அவர் எனக்கு சீனியர். அவர் பிளாங்க் பளிச்சென்று இருக்கும். அதே மேஜை, அதே காற்று, என் தட்டில் மட்டும் அப்பளம். வித்தியாசம் என்ன என்று யோசித்த எல்லோர் கண்ணும் என் ஜிமிக்கியில் வந்து நின்றது. கார்த்தி அண்ணன் கேலியாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் கைடு மேடம் கேலி செய்யமாட்டார், குரலும் உயர்த்தமாட்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு வாட்ச், அவ்வளவுதான் அவர் அலங்காரம். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "பூவு, மோதிரம், பூச்சு எல்லாத்தையும் கொஞ்ச நாள் விட்டுட்டுத்தான் பாரேம்மா."

வெறும் முகம்

விட்டேன். எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, சாயம் போன குர்தா, கழுவிய முகம். முதல் நாள் அம்மா பார்லர் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "வேற எங்கயாச்சும் நின்னு பஸ் ஏறு பாப்பா, கஸ்டமர் வர்ற நேரம்" என்றார். கல்லூரி கேன்டீனில் டீ கொடுக்கும் அக்கா டம்ளரோடு ஒரு மாத்திரையையும் நீட்டினார். காய்ச்சல் இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை.

வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அந்த நாட்களில் வேடிக்கையாக இல்லை. கண்மை இடுவது எனக்கு யாருக்காகவும் செய்கிற காரியம் இல்லை. பாதி தூக்கத்தில் இருக்கும் முகத்தை நானே எழுப்பிக் கூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற மாதிரி. அது இல்லாமல் நாள் முழுக்க என் வேலையை வேறு யாரோ செய்வது போல இருந்தது. பயத்தில் சுத்தம் வேறு கூடிப்போயிற்று. மேஜையை ஒன்றுக்கு மூன்று தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கையுறை மேலும் ஸ்பிரிட்டைப் பீய்ச்சிக்கொண்டேன். தட்டுகளில் அப்பளம் முன்னைவிட அதிகமாகப் பொரிந்தது.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் துறையில் ஒரு கருத்தரங்கு. போன முறை காட்டிய அதே படங்கள், அதே பேச்சு. போன முறை ஜிமிக்கியோடு நின்றபோது பாதியில் கையமர்த்தி உட்காரச் சொன்ன பேராசிரியர், இந்த முறை கடைசி வரை தலையாட்டிக் கேட்டார். வெளியூரிலிருந்து வருகிறவர், என் ஆய்வுக் குழுவிலும் இருப்பவர். சந்தோஷப்பட வேண்டியவள் நான், படவில்லை. முடிந்ததும் மேடத்திடம் அவர் சொன்னது என் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்: "இந்தப் பொண்ணு இப்பத்தான் ஆராய்ச்சியில மனசு வெச்சிருக்கு."

என் மோதிரமும் அண்ணன் வாட்சும்

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதுதான் என் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது. குற்றம் சாட்டியாயிற்று, தண்டனையும் கொடுத்தாயிற்று, பரிசோதனையை மட்டும் யாரும் செய்யவில்லை. நானும்தான் செய்யவில்லை. மறுநாள் என் மேக்கப் பையை அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். லிப்ஸ்டிக், கண்மை, பவுடர், மல்லிகை, வளையல், மோதிரம் என்று ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்துத் தட்டில் தடவினேன். பாரபட்சம் கூடாது என்று கார்த்தி அண்ணன் வாட்ச், கதவுக் கைப்பிடி, மேடத்தின் மூக்குக்கண்ணாடிக் கயிறு ஆகியவற்றையும் விடவில்லை. மேடம் கழற்றிக் கொடுத்தார்.

இத்தனைக்கும் ஒரு பிளாங்க் வேண்டுமே. எதுவுமே உயிரோடு இருக்க முடியாத பொருள் எது? ஸ்பிரிட். அதைக் கிருமி வடிகட்டும் மெல்லிய தாளில் வடித்து, அந்தத் தாளைத் தட்டில் வைத்தேன். மறுநாள் திறந்து பார்த்தால் மல்லிகைத் தட்டு ஒரு தோட்டம். மோதிரமும் வாட்சும் போட்டி போட்டுக்கொண்டு அழுக்கு. கண்மையில் கொஞ்சம். லிப்ஸ்டிக் சுத்தம். ஆனால் அப்பளம் இவை எதிலும் இல்லை. ஸ்பிரிட் தட்டில் இருந்தது. தாள் முழுக்க, வெள்ளையாக, ஓரம் சுருங்கி.

சில பாக்டீரியா ஆபத்து வந்தால் கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். ஸ்பிரிட் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. இறகு தின்னும் எங்கள் பாக்டீரியாவும் அந்த ஜாதிதான். அதைத் தொட்ட கையோடு நாங்கள் பாட்டிலைத் திறந்திருக்கிறோம். தீரத் தீர அதிலேயே ஊற்றியிருக்கிறோம். அந்த பாட்டிலை யாரும் என்றைக்கும் கழுவியதில்லை, சுத்தம் செய்கிற பொருளை யார் சுத்தம் செய்வார்கள்? நான் துடைக்கத் துடைக்க விதைத்திருக்கிறேன். கார்த்தி அண்ணன் தட்டு மட்டும் ஏன் தப்பியது என்று மேடம் கேட்டார். காலையில் வந்ததும் துடைக்காமல் நேராக வேலையில் உட்கார்ந்துவிடுவதாக அவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது: "அப்போ நான் சோம்பேறியா இருந்தது நல்லதாப் போச்சுங்களா மேடம்?"

பிளாங்க்

பாட்டில் மாறியது, வெறுந்தட்டு வெறுமையாக வந்தது. கூட்டத்தன்று இளம்பிள்ளைத் தறியில் நெய்த புடவை, கிளிப்பச்சையில் அரக்கு பார்டர். கண்மை, ஜிமிக்கி, அரக்குக்குப் பொருத்தமாக லிப்ஸ்டிக். மோதிரமும் பூவும் இல்லை. அவற்றுக்கு எதிரான சாட்சியை நானே எடுத்திருந்தேன், அதை மதிக்காமல் இருக்க முடியாது. கண்ணாடி முன் நின்றபோது, துடைத்துவிடலாமா என்று ஒரு தரம் பஞ்சை எடுத்தது உண்மைதான். வெறும் முகத்தோடு போனால் காரியம் சுலபமாக முடியும் என்று எனக்குத் தெரியும். அப்படி முடிந்தால், அந்த டாக்டர் பட்டத்தை வாங்கப்போகிறவள் நான் இல்லை என்பதும் தெரியும்.

லிப்ஸ்டிக் தட்டு, மோதிரத் தட்டு, ஸ்பிரிட் தட்டு என்று வரிசையாகத் திரையில் காட்டினேன். வாட்ச் தட்டு வந்தபோது வெளியூர்ப் பேராசிரியர் தன் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார். கேள்விகள் கடுமையாகத்தான் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மண் எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம் என்று குழு சொல்லிவிட்டது.

எழுந்துகொள்ளும்போது வெளியூர்ப் பேராசிரியர் அன்பாகவே சொன்னார், "வேலை நல்லா இருக்கும்மா. இந்தப் பூச்சு, மேட்ச்சிங் எல்லாம் கொறைச்சிக்கிட்டா ஆராய்ச்சி இன்னும் நல்லா வரும்." இத்தனை தட்டுக்கும் பிறகுமா? வழக்கம்போலச் சிரித்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று பையை எடுத்தேன். கஞ்சி போட்ட புடவையில், ஒரு வாட்ச் மட்டும் கட்டியிருந்த மேடம், குரலை உயர்த்தாமல், ஃபைலை மூடிக்கொண்டே கேட்டார்: "அதுக்கு பிளாங்க் வெச்சுப் பாத்துட்டீங்களா சார்?"

இப்போது மோதிரம் பெட்டியில் கிடக்கிறது, லிப்ஸ்டிக் உதட்டில் இருக்கிறது, ஸ்பிரிட் பாட்டிலை வாராவாரம் கழுவி வைக்கிற வேலை மட்டும், கண்டுபிடித்தவள் என்ற மரியாதையில், நிரந்தரமாக என் தலையில் விழுந்திருக்கிறது.