வண்டியை ஓட்டியது யார்

யுத்தம் முடிந்து சித்தப்பா ஊர் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்தார். பட்டாளத்தில் அவருக்கு வேலை, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோவது. அதே மாதிரி பழைய வண்டி ஒன்று மதுரையில் ஏலத்துக்கு வந்ததும் எடுத்துவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “துப்பாக்கியக் கொண்டாந்திருந்தாக்கூட ஆணியில மாட்டி வச்சிருக்கலாம்” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை ஆபீசில் வேலை பார்த்தார். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்காள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வந்த மாப்பிள்ளைகளை அவள் வேண்டாம் என்றாளா, வந்தவர்கள் அவளை வேண்டாம் என்றார்களா என்பது வீட்டில் யாரும் பேசாத விஷயம்.

வண்டி வந்த புதிதில் தெருவே அதைச் சுற்றி நின்று பார்த்தது. அத்தை மட்டும் தூரத்தில் நின்று பார்த்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் சித்தப்பாவிடம் கேட்டாள். “இத நிப்பாட்டுறது எப்படிலே?”

எல்லாரும் ஓட்டுவது எப்படி என்றுதான் கேட்பார்கள். இவள் நிப்பாட்டுவதைக் கேட்டதிலேயே சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கோடை லீவு விட்டதிலிருந்து, சாயங்காலமானால் மூன்று பேரும் மம்சாபுரம் பக்கம் காற்று வாங்கப் போனோம். பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலம். பஸ் டிரைவர் சிநேகிதர் ஒருவர் தயவில் வண்டி ஓடியது. சித்தப்பா ஓட்டுவார், நடுவில் நான், பின்னால் அத்தை. ஊரைத் தாண்டி, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கியதும் இடம் மாறிவிடும். நடவுக்காரிகள் மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை முன்னால் உட்காருவாள். சித்தப்பா கூடவே ஓடுவார். சில நாளில் ஓடுவதை விட்டுவிட்டு என்னோடு புளியமரத்தடியில் நின்று பார்க்கத் தொடங்கினார். வீட்டில் சொல்லக்கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குக் கண்மாய்க் கரைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கும் வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்தாள். மாட்டுவண்டிச் சக்கரம் உழுது உழுது ஆழமாகிப்போன தடம் அது. முன்சக்கரம் தடத்துக்குள் விழுந்தது. அத்தை வெளியே திருப்பப் பார்த்தாள். வண்டி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். புழுதி அடங்கியபோது மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு எழுந்தது, வலது கை கூடவே வரவில்லை. அதைக் குனிந்து பார்த்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

சித்தப்பா அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து மரத்தடியில் கிடத்தினார். அதன் பிறகு அவர் செய்த காரியம் எனக்கு விளங்கவில்லை. பாதைக்குப் போய், மண்ணில் படுத்து ஒருமுறை புரண்டு எழுந்தார். ஒரு கல்லை எடுத்து முழங்கையில் தேய்த்துக்கொண்டார். என்னிடம் வந்து குந்தினார்.

“நீ புளியம்பழம் பொறுக்கிக்கிட்டு இருந்த. ஒண்ணும் பாக்கல. என்ன?”

“நான் பாத்தேனே.”

“பாக்கல” என்றார்.

விறகு ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒன்றில் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். தோள்மூட்டு நழுவி, காறையெலும்பும் முறிந்திருந்தது. கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். ஓட்டியது தான் என்றும், அக்காள் பின்னால் உட்கார்ந்திருந்தாள் என்றும் சித்தப்பா எல்லாரிடமும் சொன்னார். அப்பா அவரைத் திட்டிய திட்டு சர்ச்சு வரைக்கும் கேட்டிருக்கும். “வெள்ளக்காரனுக்குத் தபால் கொண்டுபோனவன், கூடப் பெறந்தவளக் கொண்டுபோய்ப் பள்ளத்துல தள்ளிட்டான்!” வண்டி தொழுவத்துக்குள் போய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டது. அப்பா தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். அத்தை படுக்கையில் கிடந்து இதையெல்லாம் கேட்டாள், வாயைத் திறக்கவில்லை.

நான் அந்த வருஷம்தான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருந்தேன். வீட்டில் இரண்டு பெரியவர்கள் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. அதிலும் அத்தைமேல்தான் கோபம். சித்தப்பா பட்டாளத்துக்காரர், அவருக்கு வேறு சட்டம் இருக்கலாம். அத்தை டீச்சர்.

கட்டைப் பிரித்த அன்று கை தொங்கியது. விரல் அசைந்தது, முழங்கை மடங்கியது, தோள் மட்டும் பூட்டின கதவு மாதிரி நின்றுவிட்டது. இடுப்பு உயரத்துக்குமேல் போகவில்லை. ராஜபாளையத்தில் எலும்புக்கட்டு வைத்தியர் ஒருவரிடம் அப்பா அழைத்துப் போனார். நானும் போனேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜு சாதிக்காரர். சூடான எண்ணெயை ஊற்றித் தோளைப் பிடித்து அவர் திருப்பியபோது அத்தையின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

“ஏடவகம்மா, ஏடவகு” என்றார். அழாதே என்று அர்த்தமாம்.

“நான் அழல. நீங்க திருப்புங்க” என்றாள் அத்தை.

முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “எண்ண நான் போடுவேன். தூக்குறது நீதான் தூக்கணும் தாயி. வலிக்குதுன்னு விட்டா அம்புட்டுதான், இப்படியே இறுகிப்போகும்.” ஆஸ்பத்திரி டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். நல்ல மனுஷி. “ஸ்கூல் தொறக்கையில கை வரலைன்னாலும் கவலப்படாத. தையல் கிளாஸைப் பாத்துக்கலாம், போர்டுல எழுத வேண்டியதில்ல” என்றாள். அத்தை நன்றி சொல்லி வாசல் வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்ததும் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். நடுவீட்டுச் சுவரை ஒட்டி நின்று, வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுவது மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நடத்தினாள். விரல் நின்ற இடத்தில் என்னைக் கோடு போடச் சொன்னாள். என் நெஞ்சு உயரத்தில் இருந்தது அந்தக் கோடு.

அன்றிலிருந்து அதுதான் அவளுக்குக் காலை ஜெபம், மாலை ஜெபம். சித்தப்பா உத்தரத்தில் கிணற்று ராட்டு ஒன்றைக் கட்டிக் கயிறு தொங்கவிட்டார். ஒரு நுனியை வலது கையில் பிடித்துக்கொண்டு மறு நுனியை இடது கையால் இழுப்பாள். நல்ல கை கீழே வர வர, கெட்ட கை மேலே போகும். ஒரு கட்டத்தில் முகம் வெளுத்துவிடும். அங்கே நிறுத்திக்கொள்வாள் என்று நினைப்பேன். அங்கிருந்துதான் ஆரம்பிப்பாள். முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு. அம்மா பொறுக்கமாட்டாமல் வருவாள்.

“போதும் ஏட்டி, செத்த நேரம் உக்காரு. கை பிஞ்சு போகும்.”

“ஏற்கெனவே பிஞ்சதுதான மதினி. இனி என்ன பயம்?”

சில நாள் கோடு ஏறும். சில நாள் நேற்றைய கோட்டைக்கூடத் தொடாது. அப்படிப்பட்ட நாளில் கோபம் வந்து, தலையைத் தானே பின்னிக்கொள்ள உட்காருவாள். பின்னல் பாதியில் அவிழும். மறுபடி ஆரம்பிப்பாள். நான் பின்னிவிடுகிறேன் என்றால் சீப்பை மறைத்துக்கொள்வாள்.

இதற்கு நடுவில் சித்தப்பாவின் கல்யாணப் பேச்சு முறிந்தது. தேவதானத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பேசி முடித்த மாதிரிதான். அந்த ஊர்ச் சர்ச்சு உபதேசியார் வந்து, வாசலிலேயே நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். “சொந்த அக்காளையே உருட்டிவிட்டவனுக்கு எப்படிப் பெண்ணக் குடுக்கன்னு யோசிக்காக.” சித்தப்பா சிரித்துக்கொண்டே “சரியாத்தான் யோசிக்காக” என்றார். அன்று மத்தியானம் அவர் இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

சாயங்காலம் தொழுவத்தில் அத்தை அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கன்றுக்குட்டியின் பக்கத்தில் இருந்தேன்.

“ஏலே, ஒன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா?”

“சொன்னது சொன்னதுதான். விடுக்கா.”

“விட மாட்டேன். சொல்லத்தான் போறேன். ஆனா இப்பச் சொல்ல மாட்டேன்.” தொங்குகிற கையை இடது கையால் பிடித்துக் காட்டினாள். “இத இப்படித் தொங்கவிட்டுக்கிட்டுச் சொன்னா, பாத்தீகளா, பொட்டச்சி வண்டி ஓட்டுனா இதுதாம் கூலின்னு ஊரே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும். எங்கையக் காட்டிக் காட்டிச் சொல்லும். இது மேல போவட்டும். பொறவு சொல்லுதேன்.”

எனக்குக் கேட்டதெல்லாம், உண்மையைச் சொல்ல அத்தை நல்ல நாள் பார்க்கிறாள் என்பதுதான். உண்மைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே யோசித்தேன்.

அதன் பிறகு அவள் கயிற்றை இழுத்த வேகம் வேறு. ராட்டு கிறீச்சிடும் சத்தத்தில்தான் நாங்கள் விழித்தோம். கரிக்கோடுகள் என் தலையைத் தாண்டின, அம்மாவின் தலையைத் தாண்டின. பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது, சுவரின் துணையில்லாமல், கயிறில்லாமல், கையைத் தலைக்குமேல் தூக்கினாள். முழுக்க நேராகவில்லை. முழங்கை காதைத் தொடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கை அங்கே நின்றது.

மறுநாள் காலை அப்பா ரயிலுக்குக் கிளம்பும் நேரம் அவர் முன்னால் போய் நின்றாள். “அண்ணே, அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நான். தம்பி இல்ல.”

அப்பா செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றார். அத்தையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். “அப்ப இம்புட்டு நாளும் நான் யாரத் திட்டுனேன்?” என்றார். அன்று அவருக்கு ரயில் தப்பியது. அதற்கும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு தேவதானத்துக்குப் பஸ் ஏறினாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, “அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீங்க போங்க” என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அத்தை உட்காரவில்லை.

“மாமா, வண்டிய ஓட்டுனது நான். எந்தம்பி ஓட்டுனா மண்ணுல கோடு போட்ட மாதிரி போவான். விழுந்தது எங்குத்தம்.” கையை உயரத் தூக்கிக் காட்டினாள். “கையும் வந்துட்டுது.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாடம் படிக்காத பிள்ளை வகுப்பில் கை தூக்குவது மாதிரி இருந்தது.

பெரியவர் கயிற்றைக் கீழே வைத்தார். “பொட்டப்பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்குத் தாயி?”

“எதுக்குன்னு சொல்லத் தெரியல மாமா. பிடிச்சிருந்துச்சு.”

“அந்தப் பய எதுக்குப் பொய் சொன்னான்?”

“எனக்காக.”

“அக்காளுக்காகச் சொன்னவன் பொண்டாட்டிக்காகவுஞ் சொல்லுவாம்லா?” என்றார். அது குற்றமா மெச்சலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “வெயில்ல வந்திருக்காக. மோர் குடுக்காம என்ன விசாரண?”

மோர் குடித்துவிட்டு நான் பின்கட்டுக்குக் கை கழுவப் போனேன். அங்கே கல்யாணப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். செம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒங்க அத்தை இனியும் ஓட்டுவாகளா?”

முந்தின நாள்தான் அத்தை தொழுவத்தில் சாக்கை விலக்கி, வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, வலது கை கைப்பிடிக்கு எட்டுகிறதா என்று பார்த்ததைப் பார்த்திருந்தேன். எட்டியது. அதைச் சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் என்று எனக்குப் பட்டது. கட்டளைகளை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். இருந்தாலும் சித்தப்பாவின் கல்யாணம் என் கையில் இருந்தது. முகத்தை நல்ல பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன்.

“இல்ல, இல்ல. இனி தொடவே மாட்டாக. வண்டியவே வித்துரப் போறாக.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். ஆனால் அவள் முகம் வாடிப்போயிற்று. “அப்படியா” என்று மட்டும் சொல்லி, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் வரும்வரை அத்தை பக்கத்தில் நின்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்காக ஒரு பொய்யே சொல்லியிருக்கிறேன், இதைவிட வேறென்ன நல்ல பதில் அவள் எதிர்பார்த்தாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.