ஞானஜோதியின் அப்பாவுக்கு என்ன வேலை

என் அக்காள் புஷ்பமேரியின் புருஷன் கபிரியேல் அத்தானைப் பற்றி எஸ்டேட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் தின்கிறவன் என்பார்கள். அப்படிச் சொன்ன இரண்டு பேரின் சட்டையைப் பிடித்திருக்கிறேன். ஒருவனை ஜீப்பிலிருந்து பாதி வழியில் மழையோடு இறக்கிவிட்டிருக்கிறேன். நான் ஜீப் ஓட்டுகிறவன். வேதமுத்துவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அக்காள் சொல்வாள். இருக்கட்டுமே. அத்தானுக்கு நடந்ததைச் சொல்லவாவது ஒரு கோபக்காரன் வேண்டும். அவருக்குத்தான் கோபமே வராதே.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் மலை ஏறியவர் அவர். சின்னக்கானல் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் வேலை. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் உயரமான மரங்களில் ஏறிக் கிளை கழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யானைக்கும் அடி சறுக்கும். எழுபத்திரண்டாம் வருஷம் ஜூலை மழையில், பாசி பிடித்த மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தால், இனி மேட்டுக்காட்டு வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். செக்ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் பதிவேட்டில், அவர் பேரை வெட்டினார்கள். அக்காள் கொழுந்து கிள்ளுகிறவள். லயத்து வீடு, அதாவது கம்பெனி தரும் வரிசை வீடு, அவள் பேருக்கு மாறியதால் குடும்பம் மலையில் தங்கியது.

அன்றிலிருந்து வீட்டு வேலை அத்தானுடையது. கருக்கலில் எழுந்து அடுப்பு மூட்டுவார். மத்தியானம் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து காட்டுக்கு நடப்பார். பொதுக்குழாயில் பெண்களோடு பெண்ணாக நின்று துணி துவைப்பார். மகள் ஞானஜோதிக்குச் சடை பின்னுவதில் அக்காளைவிட அவருக்குத்தான் கை நேர்த்தி. முதலில் சிரித்தவர்களுக்கும் நாளாக நாளாக அலுத்துப்போயிற்று. ஆனால் யாராவது புது ஆள், "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர் முகத்தை நான் பார்க்கமாட்டேன். பார்க்க முடியாது.

ஞானஜோதிக்கு ஓட்டம் வந்தது யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல. அப்பாவால் தண்ணீர்க்குடம் தூக்க முடியாது என்று எல்லாக் குடத்தையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவாள். தினமும் நேரமாகிவிடும். நாலு மைல் மேடும் பள்ளமும் ஓடுவாள். எண்ணூறு மீட்டரில் அவளை ஓடவிட்டுப் பார்த்த வாத்தியார்கள் கடிகாரத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்களாம். மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே பதினாறு வயதுக்குள் இருக்கும் பெண்களில் சிலரைப் பொறுக்கி விளையாட்டு ஹாஸ்டலில் சேர்ப்பார்கள். சோறு, துணி, படிப்பு எல்லாம் சர்க்கார் செலவு. எழுபத்தாறில் அவளுக்குப் பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு எங்கள் பெண்களுக்கு இருக்கவே இருக்கிறது, கொழுந்துக் கூடை.

அந்த வருஷம் ஆகஸ்டில் கம்பெனி இருபது பெண்களை மூணாறுக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றியது. அங்கே கொழுந்து முற்றுகிறது, ஆள் போதவில்லை. இருபதில் ஒருத்தி அக்காள். என் ஜீப்பில்தான் சட்டி பானை, கோழிக்கூடு, மாதா படம் எல்லாம் போயின. ஜோதியின் டி.சி.யும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது நானும் கூட நின்றேன். கிளார்க் மலையாளி. "ரட்சாகர்த்தாவு ஆரு?" என்றார். பிள்ளைக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்கிறார். அக்காள் அத்தானைக் காட்டினாள். பேரை எழுதிக்கொண்டு, "ஜோலி எந்தா?" என்று வேலையைக் கேட்டார். அத்தான் தரையைப் பார்த்தார். பேனா காத்துக்கொண்டிருந்தது.

"கவ்வாத்து வேலைங்கய்யா. எஸ்டேட்ல" என்றாள் அக்காள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடி வெட்டுவது. கிளார்க் 'எஸ்டேட் தொழிலாளி' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தான் மெல்லக் கேட்டார். "எதுக்கு மேரி அப்படிச் சொன்ன?"

"புது எடம். இங்கயாவது நாலு பேரு முன்னால தலை நிமுந்து நடங்க" என்றாள் அக்காள்.  அன்று லயம் வரைக்கும் அவர் கொஞ்சம் நேராக நடந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. நல்லதுதான் சொன்னாய் அக்கா என்று நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு மூன்று மாதம் நின்றது.

அக்டோபரில் உபமாவட்டப் போட்டியில் ஜோதி ஜெயித்தாள். இரண்டாவதாக வந்த பெண் அவள் முதுகைக்கூட ஒழுங்காகப் பார்த்திருக்கமாட்டாள். பத்தாம் நாள் டிரில் மாஸ்டர் அமிர்தநாதன் லயத்துக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று புகார் எழுதிப் போட்டிருக்கிறதாம்.

"ஜூலை முப்பத்தொண்ணுக்குப் பொறவு பள்ளிக்கூடம் மாறுன பிள்ளை அந்த வருசம் புதுப் பள்ளிக்கூடத்துக்காகப் போட்டியில கலந்துக்கக் கூடாது" என்றார் அவர். "நல்லா ஓடுற பிள்ளைகளை ஒரு பள்ளிக்கூடத்துலேருந்து இன்னொண்ணு தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு போட்ட சட்டம்."

"நம்ம பிள்ளைய யாரு சார் தூக்கிட்டு வந்தா? நான்தான் கோழிக்கூட்டோட தூக்கிட்டு வந்தேன்" என்றேன்.

"தெரியும் வேதமுத்து. அதுக்கும் வழி வச்சிருக்கான். ரட்சாகர்த்தாவுக்கு வேலையில மாற்றம் வந்து, அதனால பிள்ளை பள்ளிக்கூடம் மாறியிருந்தா ஓடலாம். வேலை குடுக்கிறவங்க எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான். அண்ணாச்சி பேருக்கு எஸ்டேட் ஆபீஸ்ல ஒரு கடிதாசி வாங்கிட்டா முடிஞ்சுது."

அண்ணாச்சி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் அகப்பை. அக்காள் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

பழைய பள்ளிக்கூடத்துக்காக ஓடட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே பேரை வெட்டியாயிற்று, அதுவும் ஆகாது என்றார் மாஸ்டர். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது? 

எஸ்டேட் ஆபீஸில் பெரிய கிளார்க் செக்ரோலைப் புரட்டினார். கபிரியேல் என்று ஆளே இல்லை என்றார். இல்லாத ஆளை எப்படி மாற்றியதாக எழுத முடியும்? புஷ்பமேரி இருக்கிறாள், ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாற்றம், அதை எழுதித் தருகிறேன் என்றார். முத்திரை குத்தித் தந்தார். அத்தனையும் உண்மை. மாஸ்டரிடம் கொடுத்தபோதுதான் அத்தானுக்கு வேலை இல்லாத கதையைச் சொன்னோம். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "தாயும் ரட்சாகர்த்தாதானே. பேசிப் பாப்போம்" என்றார்.

மாவட்டப் போட்டி கீழே ஒரு பெரிய பள்ளிக்கூட மைதானத்தில். நவம்பர் மாதம். அக்காளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான், அத்தான், ஜோதி, மாஸ்டர் நாலு பேரும் விடியுமுன் கிளம்பிப் போனோம். ஜோதி முதுகில் நம்பர் துணியை அத்தான்தான் ஊக்கு வைத்துக் குத்தினார். மேலே குத்தினால் கை வீச இடிக்குமா, கீழே குத்தட்டுமா என்று மூன்று தடவை மாற்றினார்.

புகார் பார்க்கிற மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பொல்லாத மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசினார். கம்பெனிக் கடிதாசியையும் பள்ளிக்கூட ரெஜிஸ்டர் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"மாற்றம் கிட்டியது அம்மைக்கு. ரெஜிஸ்டர்ல ரட்சாகர்த்தாவு அச்சன். அச்சனும் எஸ்டேட் தொழிலாளி. அச்சனுக்கு மாற்றம் உண்டோ?"

மாஸ்டர் இல்லை என்றார்.

"அப்போ அச்சன் பழைய எஸ்டேட்டில்தானே ஜோலி செய்யணும்? குட்டி அச்சனோட அங்கயே படிக்கலாமே. பின்னே எதுக்கு மாறினா? ஓடறதுக்குத்தானே என்று அவங்க கேக்கறாங்க."

புகார் கொடுத்த பள்ளிக்கூடத்து ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள். போட்டி பார்க்க எங்கள் எஸ்டேட் ஆட்களும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மூன்று மாதமாக அத்தானை 'கவ்வாத்துக்கார அண்ணாச்சி' என்று மரியாதையாகக் கூப்பிட்ட பிள்ளைகளும் நின்றன.  அத்தானுக்கு வேலை இல்லை என்று மாஸ்டர் சொல்லலாம். சொல்லக் கூச்சப்பட்டார்.

அத்தான் முன்னால் போனார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, எனக்கு வேலை கெடையாது. நாலு வருசமாக் கெடையாது. மரத்துலேருந்து விழுந்ததும் பேரை வெட்டிட்டாங்க. வீட்ல சோறு பொங்குதேன், துணி தொவைக்கேன். எங்களுக்குச் சோறு போடுதவ இவ அம்மாதான். அவ எங்க போறாளோ அங்கதான் நாங்களும் போவணும். பள்ளிக்கூடத்துல எழுதுனது பொய். நான் வெக்கப்படுவேன்னு அவ சொன்ன பொய்யி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். என் கை எழவில்லை. பக்கத்தில் ஜோதி நின்றாள்.

மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்து, தன் நாற்காலியை அத்தானுக்குத் தள்ளிக் கொடுத்தார். அத்தான் உட்காரவில்லை.

"நீங்க சொல்றது சத்தியம், எனக்குத் தெரியுது" என்றார் அவர். "பக்ஷே, ரெஜிஸ்டர் தெற்று, தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அதைத் திருத்த ஹெட்மாஸ்டர் எழுதணும், கல்வி ஆபீஸ்லேருந்து உத்தரவு வரணும். அதுக்கு மாசக்கணக்காகும். இன்னிக்கு எனக்கு முன்னால இருக்கற கடலாசை, இந்தக் காகிதத்தைத்தான் நான் பாக்க முடியும். இதுக்கு மேலே நான் கடந்தா அவங்க மேலே எழுதுவாங்க. பள்ளியில பொய் எழுதிச் சேர்த்தது ஏன்னு கேள்வி வரும். குட்டியோட அட்மிஷனே போகும்."

"ஏன்யா, அந்தப் பிள்ளைக்கு அம்மா அம்மா இல்லையா? அவ பேருக்குத்தானய்யா கம்பெனி முத்திரை குத்தியிருக்கு?" என்று நான் மேசையைத் தட்டினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஜோதி பேரைப் போட்டியிலிருந்து எடுத்துக்கொள்வதாக அவரே எழுதிக் கொடுத்தார். வேறு என்ன செய்ய?

எண்ணூறு மீட்டரை மலையாளத்தில் கூப்பிட்டார்கள். ஒன்பது பெண்கள் போய் நின்றார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒரு நெட்டைப் பெண் ஜெயித்தாள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் எனக்கே தெரிந்தது, கடைசிச் சுற்றில் அவள் ஓடிய ஓட்டத்தை எங்கள் பிள்ளை குடத்தோடு ஓடுவாள்.

அத்தான் ஜோதியின் முதுகில் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.  அவள் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, நான் ஓடலைன்னா போவுது. நீங்க அத்தன பேரு முன்னால அதைச் சொல்லிருக்க வேண்டாம்."

"சொன்னா விட்டுருவாங்கன்னு நெனச்சேன் தாயி" என்றார் அத்தான்.

 

ரெஜிஸ்டரைத் திருத்த மனு போயிற்று. ஜனவரியில் ஜோதிக்குப் பதினாறு முடிந்தது. மார்ச்சில் பரீட்சை வந்தது. உத்தரவு வரவில்லை. அடுத்த வருஷம் ஓடலாமே என்று மாஸ்டர் இரண்டு தடவை வந்து சொன்னார். ஓடலாம், ஹாஸ்டலில் எடுக்கமாட்டார்கள். ஜோதி இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அங்கே பிள்ளைகள் அவளைப் பார்த்து இன்னைக்கு உங்க அப்பா வச்சது என்ன சாதம், என்ன குழம்பு என்று கேட்டார்களாம். அவளுக்காக அல்ல, அப்பாவுக்காக அவளால் தாங்க முடியவில்லை. அக்காள் அழுதாள், அடித்தாள், கும்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் மாதம் அவளை எஸ்டேட் ஆபீஸுக்குக் கூட்டிப்போனோம். பதினெட்டு ஆகாத பிள்ளையைக் கொழுந்துக் காட்டில் சேர்க்க வேண்டுமானால் பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அக்காள் காட்டில் இருந்தாள். அத்தானும் நானும்தான் போனோம். அதே பெரிய கிளார்க். காகிதத்தை எடுத்து அத்தான் பக்கம் தள்ளினார்.

என் வாய் சும்மா இருக்குமா? "செக்ரோல்ல எங்க அக்கா பேருதானய்யா இருக்கு? இவருக்குத்தான் வேலையே இல்லையே. இவரு கையெழுத்து செல்லுமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பாதானே? அது போதும். போடுங்க" என்றார்.

அத்தான் பேனாவை வாங்கினார்.  கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் செல்லாது என்று யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.