இடது முழங்கால், கொஞ்சம் பார்த்து

போர்ட் பிளேரில் எங்கள் கராத்தே கூட்டம் என்பது நான்கு பேர். நான் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன். இரண்டாவது ஆள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் நண்பன். இலங்கை மலையகத்திலிருந்து வந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவனுடையது. சுனாமிக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது அவன் மட்டும்தான். மூன்றாவது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வங்காளிக்காரர்; எல்லோருக்கும் அவர் தாதா. நான்காவது, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் தெலுங்கு டீச்சர். நாலு பேரும் நாற்பதைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. நாலு பேருக்கும் பிரவுன் பெல்ட். அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்ததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரும் ஒரு அரசு ஊழியர்தான். மாற்றல் வந்து மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு டெலானிபூர் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருக்கும் சமுதாயக் கூடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒருவருக்கொருவர் நாங்களே மாஸ்டர். பிளாக் பெல்ட் தேர்வு வைக்க இந்தத் தீவுக்கு யாரும் வருவதில்லை. வருகிறேன் என்று சொன்னவர்களுக்கும் ஒரு முறை மழை, ஒரு முறை விமானம் ரத்து, ஒரு முறை சொந்தத் தங்கை கல்யாணம்.

ஆபீஸ் முடிந்து, குவார்ட்டர்ஸ் மேட்டில் ஏறி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் அந்த மேட்டில் இறங்கும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விடும். "வேலைக்குப் போயிட்டு வந்து டயர்டா இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் அடி வாங்க வேற போறீங்க" என்பாள் மனைவி. நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வாசலில் இறங்கிவிடுவேன்.

கூடத்தில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. அதை வேறு எந்த ஊர்க் கராத்தே வகுப்பிலும் நான் பார்த்ததில்லை. வரிசையாக நின்று, குனிந்து வணக்கம் சொன்னதும், தாதா கணீரென்று கேட்பார்: "தர்த் போலோ!" வலியைச் சொல்லு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒவ்வொருவரும் அன்றைய வலியைச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயரே தர்த் ஹாஜிரி.

"கமர் கயா" என்பார் தாதா. இடுப்பு போச்சு. சிமெண்ட் மூட்டை ஏதாவது நகர்த்தியிருப்பார். டீச்சருக்கு வலது தோள். நாளெல்லாம் போர்டில் எழுதுகிற கை. நண்பனுக்குக் கழுத்து, கிரேன் கூண்டிலிருந்து குனிந்தே பார்த்துக்கொண்டிருப்பதால். நான் எப்போதும் ஒன்றையேதான் சொல்வேன். "இடது முழங்கால், கொஞ்சம் பார்த்து."

சொன்ன இடத்தை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். இது சட்டம். அடிபட்டு வீட்டில் படுத்தால் மறுநாள் ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம், கிரேன் என்று எதுவும் நமக்காகக் காத்திருக்காது. அதனால் மாஸ்டர் போன புதிதில் நாங்களே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. காலப்போக்கில் சண்டையைவிட ஹாஜிரிதான் எங்களுக்கு முக்கியமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அவரவர் வலியைச் சொல்ல வீட்டில் கேட்பார் இல்லை. இங்கே மூன்று பேர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

பயிற்சி முடிந்து எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு முழுக்க உடம்புதான்.

"ராத்திரி சாதம் பந்த் கர்தோ" என்று சோற்றை நிறுத்தச் சொல்வார் தாதா, தட்டில் மூன்றாவது சமோசாவை எடுத்துக்கொண்டே.

"மொதல்ல நீங்க பந்த் பண்ணுங்க தாதா" என்பான் நண்பன். "ஒங்க தொப்பைய உதைச்சா கால் திரும்பி வருது."

டீச்சர் முட்டை வெள்ளைக்கரு கட்சி. தினமும் நாலு என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் கடையில் முட்டை இருக்காது. டீச்சரின் உடற்பயிற்சித் திட்டம் அந்த வாரம் அப்படியே படுத்துவிடும். "ஜஹாஸ் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்பார். ஓட்டம் நல்லதா நடை நல்லதா என்று ஒரு விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. மேடும் பள்ளமுமான இந்த ஊரில் சமமாக ஓடுவதற்கு ரோடே கிடையாது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்தப் பேச்சால் எங்களில் ஒருவருக்கும் ஒரு கிலோகூடக் குறையவில்லை.

எலும்பு டாக்டர் என் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன நாளில் எனக்கு ஒரு ஆசை வந்தது. தேய்ந்துவிட்டது, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், அப்புறம் ஆபரேஷன், குதிப்பது உதைப்பது எல்லாம் அதோடு சரி என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது, எனக்கு ஒரு பிளாக் பெல்ட் வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் வியர்த்ததற்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஏதாவது ஒன்று. வேறு எதிலும் நான் பெரிதாக எதையும் எட்டிப் பிடித்தவன் இல்லை. கால் இருக்கும்போதே வாங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எல்.டி.சி. எனும் பயணச் சலுகை விடுப்பு எழுதிப்போட்டு, சென்னையில் தேர்வு நடக்கும் வாரத்துக்கு ஏற்பாடு செய்தேன். மனைவிக்கு நம்பிக்கையில்லை. "திரும்பி வரும்போது நடந்து வந்தா போதும்" என்றாள். தாதா இடுப்பு வலிக்குக் கட்டும் தன் பெல்ட்டைக் கொடுத்தார். டீச்சர் வேகவைத்த முட்டைகளைக் கட்டிக்கொடுத்தார்; அந்த வாரம் கப்பல் வந்திருந்தது. நண்பன் மட்டும் விமான நிலையத்தில் சரியாகப் பேசவில்லை. "போய்த்தான் ஆகணுமா மச்சான்?" என்று கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

சென்னையில் அந்த உள்ளரங்கம் எங்கள் கூடத்தைப்போல நாலு மடங்கு. சின்ன வயதுக்காரர்கள் காற்றில் உதைத்துச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிராக நிறுத்தப்படவிருந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வங்கி ஊழியர். காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அவருக்கும் அன்றைக்கு பிளாக் பெல்ட் தேர்வுதான். "போன தடவை ஃபெயில் சார். நான் அடிக்கவே யோசிக்கிறேனாம். அட்டாக் பத்தலைன்னு உட்கார வச்சுட்டாங்க" என்றார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவதாகவும், வீட்டில் எண்ணெயே சேர்ப்பதில்லை என்றும், அப்படியும் சாயங்காலம் ஆனால் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். எங்கள் டீக்கடைக்கு வந்திருக்க வேண்டிய ஆள்.

கட்டா எனும் தனி அசைவுகளை ஒழுங்காகவே செய்தேன். தேர்வாளர் இரண்டு முறை தலையாட்டினார். கடைசியாகச் சண்டை. இந்த முறையில் முகத்தில் குத்தக்கூடாது, மூட்டில் நேரே உதைக்கக்கூடாது. தொடையில் உதைக்கலாம். தேய்ந்த முழங்கால்காரனுக்குத் தொடையில் விழுந்தாலும் அது முழங்காலுக்குத்தான் போய்ச் சேரும்.

எதிரெதிரே நின்றோம். குனிந்து வணக்கம் சொன்னோம். நிமிர்ந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"இடது முழங்கால், கொஞ்சம் பார்த்து" என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "சரி சார்" என்றார்.

என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. வருஷக்கணக்கில் வணக்கத்துக்கு அடுத்து அதைத்தான் சொல்லியிருக்கிறேன். எதிராளியிடம் அடிக்க வேண்டிய இடத்தைக் கைகாட்டிவிட்டுச் சண்டைக்கு நிற்கிற முட்டாள் உலகத்தில் எங்கள் நாலு பேரைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா!

சண்டை தொடங்கியது. அவர் மார்பில் குத்தினார், வயிற்றில் குத்தினார், வலது தொடையில் உதைத்தார். நல்ல பலம். நானும் குத்தினேன். மூச்சு வாங்கியதே தவிர, சமாளித்துக்கொண்டிருந்தேன். பெல்ட் கிடைத்துவிடும் போலிருந்தது. பாதியில்தான் அவர் என் இடது காலைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தேன். கவனித்து, வெட்கப்படவில்லை, நிம்மதிதான் அடைந்தேன்.

தேர்வாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். வங்கிக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்.

"என்னப்பா, எதிர்ல இருக்கறவரு கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கிறாரு. நீ வெளியவே நின்னு காலிங் பெல் அடிச்சிட்டு இருக்கே? அந்த இடது கால் தெரியலையா உனக்கு? போன தடவையும் இதே கதைதான். இன்னும் ஒரு நிமிஷம் தர்றேன். இல்லன்னா கிளம்பு."

அரங்கத்தில் சிரித்தார்கள். வங்கிக்காரர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். இவர்தான் வலி என்று சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கொடுத்த வாக்கை அந்த மனிதர் காப்பாற்றிக்கொண்டிருந்தார், தன் பெல்ட்டையே விலையாகக் கொடுத்து.

வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும். அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு மாதிரியே மனசும் அன்றைக்குக் களைத்துப் போயிருந்தது. இன்னொருத்தர் வயிற்றெரிச்சலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர எனக்குத் தெம்பில்லை.

நெருங்கி வந்தபோது மெதுவாகச் சொன்னேன். "உதைங்க சார். நான் சொன்னதை விட்டுடுங்க."

"வேணாம் சார்."

"உதைங்க."

உதைத்தார். ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிற கால். தொடையில் சரியான இடத்தில் விழுந்தது. முழங்கால் எனக்குச் சொந்தமில்லாத பொருள்போல மடங்கிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். மறுபடியும் மடங்கியது. இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தார்கள்.

அவர் தேறிவிட்டார். கறுப்புப் பெல்ட்டைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஐஸ் வாங்கி வந்து என் முழங்காலில் வைத்தார். "யாராவது எதிராளிகிட்டப் போய் வலியைச் சொல்வாங்களா சார்?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல மொதல்ல அதைத்தான் சொல்வோம்" என்றேன்.

மறுநாள் சென்னை டாக்டரும் போர்ட் பிளேர் டாக்டர் சொன்னதையே சொன்னார். ஒரு வித்தியாசம், இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்பதை மட்டும் விட்டுவிட்டார். லாட்ஜ் கட்டிலில் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. என்னை உதைத்த வங்கிக்காரர்மேல் இல்லை. இடது பக்கத்தை நன்றாகக் காத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். நான் எதையும் காக்கவில்லை. மூன்று பேர் அடிக்காமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் நண்பன் என்னோடு ஜோடியாக அதிகம் நின்றவன். சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து அவனைக் கூப்பிட்டேன்.

"என்னா மச்சான், ஆச்சா?"

"ஆகல. ஒரே உதை. விழுந்துட்டேன்."

சொல்லும்போதே என் கோபம் இன்னும் ஏறியது.

"ஒரு தடவையாவது நீ என்னை அங்க உதைச்சிருக்கலாம்லடா? நான் வலின்னு சொன்னா நீ விட்டுடுவியா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் உதைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இவ்வளவு தூரம் வந்து இத்தனை பேர் முன்னாடி..."

"டாக்டர் க்யா போலா?" என்றான்.

"இனிமே கிளாஸுக்கு வர முடியாது. ஆபரேஷன். அதோட கதம்."

துறைமுகத்து இரைச்சலிலிருந்து அவன் ஒதுங்கி நடப்பது ஃபோனில் கேட்டது.

"எனக்குத் தெரியும் மச்சான்" என்றான். "நீ உள்ள வர்றப்பவே அந்தக் கால பாத்துருவேன். ஒரு உதைக்குக்கூட ஏலாதுன்னு தெரியும். உதைச்சா நீ அன்னைக்கோட வரமாட்ட. நீ வராம நான் அங்க போயி என்னாத்த செய்யிறது? அதான் உதைக்கல."

பெல்ட் போனதற்கு நான் அழவில்லை. கால் போனதற்கும் அழவில்லை. இதைக் கேட்டதும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதேன்.