பெட்டியில் இல்லாத அட்டைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அந்த டிசம்பரில் நான் சண்டை போடாத ஆள் தாம்பரத்தில் கிடையாது. ரயில்வே கேட்டைச் சீக்கிரம் மூடிவிட்டான் என்று கேட்காரனோடு, பாலில் தண்ணீர் என்று பால்காரனோடு, என் நாற்காலியை நகர்த்திவிட்டான் என்று ஆபீஸ் பியூனோடு. அவளோடு மட்டும் சண்டை போடவில்லை. அவளோடு பேசவே இல்லை என்பதுதான் உண்மை.

எழுபதுகளின் தொடக்கம் அது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் சின்ன வீடு, நாங்கள் இரண்டே பேர். அவள் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நான் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். அந்தக் காலத்து வழக்கப்படி டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார், புற்றுநோய் என்று. "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், பயந்துடுவாங்க" என்றார். நானும் வெளியே வந்து, "வெறும் கட்டிதானாம், எடுத்துடலாமாம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அது எந்த நோய்க்கான ஆஸ்பத்திரி என்று வாசலில் ஒரு பஸ் நீளத்துக்குப் போர்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அவளுக்கும் போர்டுக்கும் நடுவே புகுந்து, மறைத்துக்கொண்டே நடப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் செய்து பார்த்திருக்கிறேன். அவளோ பஸ்ஸில் போனால் ஒரு கடைப் பெயர் விடாமல் படிக்கிறவள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் நெஞ்சையும் எலும்பையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை. பரவாமல் இருந்தால் செய்யலாம், பிழைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் கேள்வி. படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய பெரிய டாக்டர் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். "ஜனவரி மூணாந்தேதி வாங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். பதினோரு நாள். அவரோடும் சண்டை போட்டேன்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்றால், வீட்டில் இல்லாமல் கழித்தேன். லீவு நாளிலும் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி எலக்ட்ரிக் டிரெயினில் ஏறிவிடுவேன். பீச் வரை போய், அதே வண்டியில் தாம்பரம் திரும்பி, மறுபடியும் பீச். சீசன் டிக்கெட் இருந்தது, யார் கேட்கப் போகிறார்கள். அவள் எதிரே உட்கார்ந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

எங்கள் சர்ச்சில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம் எழுதியிருக்கும். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்காமல் எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உனக்குக் கொடுத்த வாக்கு. அட்டைகளை எழுதுவது வருஷா வருஷம் என் மனைவிதான். அச்சில் வார்த்த மாதிரி கையெழுத்து அவளுக்கு. நவம்பரிலேயே எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குக் கலர் காகிதம் ஒட்டி, அதில் போட்டு பீரோ மேல் வைத்திருந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது என் கண் அந்த டப்பாவில் விழுந்தது. நாளைக்கு இவள் கையில் ஏடாகூடமாக ஏதாவது வந்துவிட்டால்? டப்பாவை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். கண்ணீர் என்று வருவது, வியாதி என்று வருவது, சாவு, மரண இருளின் பள்ளத்தாக்கு, எல்லாவற்றையும் பொறுக்கினேன். இருபது வருஷம் ஃபைல் பார்த்த கண், ஒன்றுகூடத் தப்பவில்லை. மொத்தம் இருபத்திரண்டு அட்டை. என் ஆபீஸ் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் செருகினேன். ஆண்டவரின் தபாலையே பிரித்துத் தணிக்கை செய்த ஹெட் கிளார்க் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை பெட்டி வரிசை வரிசையாகப் போனது. அவளுக்குக் களஞ்சியம் நிரம்பும் என்று வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டு முடிப்பதற்குள் பின்னால் சலசலப்பு. கடைசி இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போதே பெட்டி காலி. சபையில் எத்தனை தலையோ அத்தனை அட்டைதான் அவள் எழுதுவாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

எங்கள் தெருவில் இட்லி விற்கும் அம்மா எழுந்து நின்றார். "இன்னா டீச்சர், எங்களுக்கெல்லாம் இந்த வருசம் ஒண்ணும் கெடையாதா? பின்னால குந்திகினு இருந்தா ஆண்டவருக்குக் கண்ணு தெரியாதா?"

சிலர் சிரித்தார்கள். வாக்கு இல்லாமல் ஒரு வருஷத்தைத் தொடங்க வேண்டியவர்கள் சிரிக்கவில்லை. போதகர் என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எண்ணிக்கை தப்பிடுச்சு ஐயா. என் தப்புதான்" என்றாள். "இன்னிக்கே அவங்கவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

ஏரிக்கரை வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். பாதியில் அவள் நின்றாள்.

"எத்தனை எடுத்தீங்க?"

"இருபத்திரண்டு."

"எதெதுன்னு நானே சொல்லட்டுமா?" சொன்னாள். நின்ற இடத்திலேயே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சொன்னாள். பிறகு, "உங்க முதுகு அந்த போர்டை மறைக்கிற அளவுக்கு அகலம் இல்லைங்க" என்றாள்.

நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பள்ளத்தாக்கு அட்டையையும் எடுத்துட்டீங்களா? அதை எழுதும்போதே கட்டி என் கையில தட்டுப்பட்டாச்சு. உங்ககிட்ட சொல்லப் பயம். இது எனக்கே வரணும்னு வேண்டிக்கிட்டே எழுதினேன்."

"அதுல சாவுன்னு இருக்கே" என்றேன்.

"அடுத்த வரியைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. வேண்டாத சொல்லைக் கண்டதும் அட்டையை ஒதுக்கிவிட்டேன்.

"ஆண்டவர் கூடவே இருக்கார்னு முடியுது. எனக்கு அதுதான் வேணும். ஒன்பது நாளா நான் சுவரோட பேசிக்கிட்டு இருக்கேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதேன். அவள் முந்தானையை நீட்டினாள். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எங்கம்மா கல்யாணத்தன்னைக்கே சொன்னாங்க" என்றாள்.

மத்தியான வெயிலில் இருவரும் வீடு வீடாகப் போனோம். இட்லிக்கார அம்மாவுக்குக் கண்ணீரைத் துடைப்பார் என்ற அட்டை வந்தது.  அவர் என் மனைவியையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கண்ணீரு எப்பதான் இல்ல நமக்கு. தொடைக்க ஆளு கீதுன்னா சரி, குடு டீச்சர்" என்று வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பள்ளத்தாக்கு அட்டையை என் மனைவி யாருக்கும் நீட்டவில்லை. கடைசி வீட்டில் தன் களஞ்சியத்தைக் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டினாள்.

மூன்றாம் தேதி ஒன்றாகப் போனோம். வாசலில் போர்டுக்கு எதிரே நின்று, வகுப்பில் பாடம் படிக்கிற குரலில் முழுதும் வாசித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே பெரிய டாக்டர் கவரிலிருந்து படத்தை உருவிக்கொண்டே, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார். அவள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவ இருக்கட்டும் டாக்டர். எதுவானாலும் ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லுங்க." கேட்காரனிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். நெடுநேரம் பார்த்தார். என் கையில் அவள் நாடி துடிப்பது தெரிந்தது.

"நடுவுல வெள்ளையா, பெருசா இருக்கே, அதுவா?" என்று அவளே கேட்டாள்.

"அது உங்க இதயம்மா" என்றார் அவர். "நுரையீரல் ரெண்டும் சுத்தமா இருக்கு. எலும்பும் சரி. அடுத்த வாரம் ஆபரேஷன் வச்சுக்கலாம்."

ஆபரேஷனுக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு படம், படத்துக்குப் படம் ஒரு காத்திருப்பு என்று எழுபதுகள் முழுக்கப் போனது. பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நாட்களில் நான் டிரெயின் ஏறவில்லை, லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். வெளியில் யாரோடும் சண்டை போடவில்லை. அவளோடு போட்டேன்.