மச்சி மரம்

எங்கள் கொல்லையில் நின்ற ஜாதிக்காய் மரத்தை வெட்டியவர் அத்தா. வெட்ட வைத்தவன் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பூவைப் பிரித்துப் பார்த்து மரம் ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தையைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கற்றிருந்தேன்.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அத்தா ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலையை மேற்பார்த்து வந்தார். சாயங்காலம் அவர் வருவதற்கு முன்பே அவருடைய சட்டையின் நெடி வந்துவிடும். தும்மிக்கொண்டேதான் அவரை வரவேற்போம். வீட்டில் அம்மா, நான், மாமி. மாமி என் தாய்மாமாவின் மனைவி. நிக்காஹ் முடிந்து ஒரு பெருநாள்கூட வீட்டில் இருக்காமல் மாமா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். எப்போதாவது யாரிடமாவது பெட்டி ஒன்று கொடுத்தனுப்புவார். சோப்பு, சட்டைத்துணி, டார்ச் விளக்கு எல்லாம் இருக்கும். தான் எப்போது வருவார் என்பது மட்டும் இருக்காது.

அம்மா மாமியை மச்சி என்று கூப்பிடுவார். அண்ணன் மனைவியை எங்கள் ஆட்கள் அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். மலையாளத்திலோ அந்தச் சொல்லுக்குப் பிள்ளை பெறாதவள் என்று பொருள். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சேச்சி, அம்மா கொல்லையில் நின்று “மச்சி, மச்சி” என்று சத்தமாகக் கூப்பிடுவதை முதன்முதலாகக் கேட்டபோது நெஞ்சில் கைவைத்துக்கொண்டாராம். நாத்தனார்காரி முகத்துக்கு நேராக இப்படிச் சொல்கிறாளே என்று மனம் கேட்காமல், மாமியை மதிலோரம் அழைத்து ஆறுதல் சொன்னார். மாமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் இருவரும் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

பாலக்காட்டிலிருந்து வாழ வந்த மாமிக்கு அந்த ஊரில் சேச்சியைத் தவிர வேறு துணையில்லை. நோன்பு மாதத்தில் இங்கிருந்து கஞ்சிப் பாத்திரம் மதிலேறிப் போகும். அங்கிருந்து, உப்பிலிட்ட ஜாதிக்காயின் மேல்தோடு அதே பாத்திரத்தில் திரும்பி வரும். மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்தால் மாமி மதிலோரம்தான். மாமாவின் பெட்டியில் வந்த வாசனைச் சோப்பில் பாதியை வெட்டிச் சேச்சிக்குக் கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது.

இரண்டு வீட்டு ஜாதி மரங்களும் ஒரே சாக்கில் வந்த கன்றுகள். அத்தா தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்து, ஒன்றைக் கொல்லையில் வைத்தார். இன்னொன்றை மதிலுக்கு மேலாகச் சேச்சியிடம் கொடுத்தார். பல வருடம் கழித்து இரண்டும் பூத்தன. சேச்சியின் மரம் காய்த்தது. மஞ்சள் காய் வெடித்து, உள்ளே கறுத்த கொட்டையைச் சுற்றி ஜாதிபத்திரி ரத்தச் சிவப்பாகத் தெரியும். எங்கள் மரம் பூத்ததோடு சரி. “உங்க ஜாதி மச்சி மரமாக்கும்” என்று சேச்சி கேலி செய்வார். மாமியும் சேர்ந்து சிரித்துவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் அந்த மரத்தடியிலேயே ஊற்றுவார்.

அந்த வருடம்தான் வகுப்பில் பூவின் பாகங்களைப் பற்றிய பாடம் வந்தது. சில மரங்களில் ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறொரு மரத்திலும் இருக்கும் என்று வாத்தியார் சொன்னதும் எனக்கு எங்கள் கொல்லைதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, அத்தாவின் சவர பிளேடால் இரண்டு மரத்துப் பூவையும் கீறிப் பார்த்தேன். எங்கள் பூ ஒடிசலாக, கொத்துக் கொத்தாக இருந்தது. உள்ளே மகரந்தத் தூள் படிந்த ஒரு சின்னத் தண்டு. சேச்சி வீட்டுப் பூ அடி பெருத்து, குட்டிக் குடம்போல; உள்ளே சூல்பை.

“அத்தா, இது மச்சி இல்ல, ஆணு. இது எந்தக் காலத்திலயும் காய்க்காது” என்று அறிவித்தேன்.

அத்தா என்னை ஒரு முறையும் மரத்தை ஒரு முறையும் பார்த்தார். இத்தனை வருடம் தன்னை ஏமாற்றியது மரமல்ல, தன் பொறுமைதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த இடத்தில் குளிக்கத் தனியாக ஒரு குளிமுறி கட்ட வேண்டும் என்று அம்மா வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் மரம் விழுந்துவிட்டது. பூவைப் பார்த்தே மரத்தின் ஜாதகத்தைச் சொன்ன பிள்ளை என்று என்னைப் பற்றிக் கிடங்கு முழுக்கப் பெருமை பேசினார். சுமை தூக்குகிறவர்கள்கூட என்னைப் பார்த்து, “டாக்டரே, நான் ஆணோ பெண்ணோ?” என்று கேட்டார்கள்.

சேச்சியின் மரத்தில் முன்பே பிடித்திருந்த காய்கள் எப்போதும்போல் முற்றி வெடித்தன. அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அடுத்த பூப்பில்தான் தெரிந்தது. மரம் நிறையப் பூத்து, அத்தனையும் உதிர்ந்தது. சேச்சி மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். சர்ச்சிலிருந்து புனிதநீர் கொண்டுவந்து தெளித்தார். கிளையில் பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்கடுத்த பூவும் உதிர்ந்தது. கணவரை இழந்து இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மரம் ஒரு சம்பாதிக்கிற ஆளைப்போல. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, மரத்துக்குக் கண்ணு தட்டிவிட்டது என்று முடிவாயிற்று. யாருடைய கண்? தினமும் மத்தியானம் மதிலோரம் நின்று அதைப் பார்த்தவள் ஒருத்திதான்.

நோன்பின் முதல் நாள் மாமி கஞ்சிப் பாத்திரத்தை மதில்மேல் வைத்தார். நான் தொட்டியருகே கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். சேச்சி பாத்திரத்தைத் தொடவில்லை. மாமியின் முகத்தைப் பார்க்காமல், மரத்திடம் சொல்வதுபோல, “ஒரு மச்சி தினமும் நோக்கி நின்னா மரமும் மச்சியாவும்” என்றார்.

அந்தச் சொல்லுக்கு அன்று ஒரே பொருள்தான் இருந்தது.

அதற்குள் பாடத்தின் பின்பாதியையும் நான் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். ஆண் பூவின் தூளைச் சிறு பூச்சிகள் சுமந்து போய்ப் பெண் பூவில் சேர்த்தால்தான் காய் பிடிக்கும் என்று படம் வரைந்து பாகம் குறித்து நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தச் சந்தில் இருந்த ஒரே ஆண் மரத்தின் மீது இப்போது எங்கள் குளிமுறி நின்றது. ஒரே ஒரு வாக்கியம் போதும், மாமி தலைநிமிர்ந்திருப்பார். ஆனால் அத்தாவின் பெருமை போய்விடும், கிடங்கில் சிரிப்பார்கள். நான் காலைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மாமி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன்பின் மதிலோரம் போகவே இல்லை. துணி உலர்த்தும்போதுகூட முதுகைக் காட்டியே நிற்பார்.

பிறகு நான் தாவரவியல் படித்தேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஜாதித் தோட்டக்காரர்களிடம், காய்க்காத மரம் என்று ஆண் மரத்தையெல்லாம் வெட்டிவிடாதீர்கள், பத்துப் பெண் மரத்துக்கு ஒன்றாவது நிற்கட்டும் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய இரண்டு பேரிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது இருவருமே இல்லை.

காய் நின்றுபோன காரணம் மாமிக்குத் தெரியாது என்றுதான் வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். தெரிந்துதான் இருந்தது. மரம் வெட்டுவதற்கு முந்தைய நாள், அரிசி மாவில் பத்திரி சுட்டு என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

“மோனே, ஆணு பக்கத்துல இல்லேன்னா பெண்ணு காய்க்குமா?”

“காய்க்கிறது பெண்ணுதானே மாமி. ஆணு எங்க இருந்தா என்ன?”

மாமி சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இத நீ எல்லார்ட்டயும் சொல்லணும்” என்று சிரித்தார். கல்லில் கிடந்த பத்திரி தீய்ந்துபோனது. மாமா ஊருக்கு வந்து சேர்ந்தபோது மாமியின் தலை நரைத்திருந்தது.

நானோ அன்று, மாமிக்குப் பாடம் புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இன்னொரு பத்திரி கேட்டு வாங்கித் தின்றேன்.